மரத்துக்குள் போட்ட கடிதங்கள்

ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் நான் ஒரு மரத்துக்குப் பதினேழு கடிதங்கள் எழுதினேன். உயிரோடு நின்ற மரம் இல்லை. ஆம்பூருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி இருந்த பெரியப்பாவின் அறுவை மில்லில், வெட்டுவதற்காகக் கிடந்த மரம்.

அப்பாவும் அம்மாவும் ஷூ கம்பெனியில் வேலைக்குப் போனதால் அந்த விடுமுறைக்கு என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். வீட்டில் காலை வேளையில் பெரியம்மாவின் உப்புமா தவறாமல் இருக்கும். அதிலிருந்து தப்பித்து நான் மில்லுக்கு ஓடிவிடுவேன். டேனரிகளில் தோலையும் ரசாயனத் தண்ணீரையும் சேர்த்துச் சுழற்றுகிற பெரிய மர டிரம்களுக்குப் பலகை அறுத்துக் கொடுப்பது பெரியப்பாவின் தொழில். நம் பக்கத்து மரம் அந்தத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும் என்று மலேசியாவிலிருந்து கப்பலில் வருகிற மரத்தைத்தான் வாங்குவார். அந்த மரங்கள் எந்தக் காட்டில் நின்றன என்று மில்லில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்களைப் பொறுத்தவரை அவை சென்னைத் துறைமுகத்தில் பிறந்தவை.

அந்த முறை வந்த லோடில் ஒரு மரம் மற்றவற்றைவிடப் பருமன். அது படுத்துக் கிடந்தபோதே என் தோள் உயரம் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு பொந்து. யாரோ சேறு குழைத்துப் பூசியதைப் போல அந்தப் பொந்து அடைபட்டுக் கல்லாக இறுகியிருந்தது. நடுவில் மட்டும் என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். மரம் வாங்குவதில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெரியப்பாவுக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்தப் பொந்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கணு இது. உள்ள இரும்பு மாதிரி இருக்கும் பாரு" என்றார்.

எனக்கு அது தபால் பெட்டி. நோட்டுத் தாளைக் கிழித்து மடித்து உள்ளே தள்ளினேன். தாள் சிக்கிக்கொண்டதால் ஒரு ஆணியை எடுத்து அந்தக் கீறலைச் சுரண்டி அகலமாக்கினேன். கடிதங்களில் பெரும்பாலும் புகார்கள்தான். உப்புமாவைப் பற்றி, பெரியப்பா வீட்டு அக்கா எனக்குத் தராமல் வைத்திருந்த சைக்கிளைப் பற்றி, கணக்கு டீச்சரைப் பற்றி. பதில் வராது என்று தெரிந்திருந்ததால் எல்லாவற்றையும் தைரியமாக எழுதினேன். சில நாள் கடிதத்தோடு நாலு வறுத்த வேர்க்கடலையும் போட்டேன். ஏன் போட்டேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தபோது அந்த மரத்தை மிஷினில் ஏற்றினார்கள். மிஷின் ஓட்டுகிற அண்ணன் என்னைத் தூரப் போகச் சொன்னதால் நான் பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ரம்பம் மரத்துக்குள் ஏறியது. காதை அடைக்கிற அந்தச் சத்தம் பாதி மரத்தில் திடீரென்று மாறி, ஒன்றுமில்லாததை அறுப்பதைப் போல லேசாகிவிட்டது. பறந்துகொண்டிருந்த மரத்தூளில் கறுப்பாக ஏதோ சேர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே கோடு போட்ட தாள் துண்டுகள் வந்தன.

அண்ணன் மிஷினை நிறுத்தினார். இரண்டு பேர் கடப்பாரை போட்டு மேல் பலகையைப் புரட்டினார்கள்.

உள்ளே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய பறவையை நான் பார்த்ததில்லை. காய்ந்து சுருங்கியும் ஒரு சேவலைவிடப் பெரிதாக இருந்தது. என் முன்கை நீளத்துக்கு மூக்கு, அதன் மேல் கொம்பு மாதிரி இன்னொரு மூக்கு. ரம்பம் அதைத் தொடவில்லை, பக்கத்தில் உதிர்ந்து கிடந்த கறுப்பு இறகுகளை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதன் இறக்கைக்கு அடியில் உடம்பில் இன்னும் சரியாக இறகு முளைக்காத ஒரு குஞ்சு தலையை நுழைத்திருந்தது. இரண்டின் மேலும் என் கடிதங்கள் விழுந்து கிடந்தன. தாயின் முதுகில் வேர்க்கடலை இருந்தது.

பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கிட்டே வந்தார்.

"இன்னாடா இது, கழுகா?" என்று பெரியப்பா கேட்டார்.

"கழுகு இல்ல மொதலாளி. மூக்கப் பாருங்க," என்றார் அண்ணன். "உள்ளயே கெடந்து செத்திருக்கு. எப்டி உள்ள போச்சின்னுதான் தெரியல. அந்த ஓட்டையில எலி கூட நுழையாது."

"அப்ப யாரு வெச்சி அடைச்சது?"

பெரியப்பா பொந்தை மூடியிருந்த சேற்றைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். பிறகு கடிதங்களைப் பொறுக்கி ஒன்றைப் பிரித்துப் படித்தார். அது உப்புமாக் கடிதம். வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பார். அன்றைக்கு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீயாம்மா போட்ட?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

கேட்காததுதான் என்னைக் கொன்றது. அந்தக் கீறல் அவற்றுக்கு மூச்சுவிட இருந்த ஒரே வழி, அதைத் தாள் போட்டு அடைத்தவள் நான், அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பாவம் பார்த்துச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மில்லுக்குப் பின்னால் குழி தோண்டி இரண்டையும் ஒன்றாக வைத்து மூடினார்கள். பெரியப்பா அன்று மிஷினை ஓட விடவில்லை. மறுநாள் ஓடியது. அந்த மரத்தின் நல்ல பாகம் பலகையாகி, டிரம்மாகி, எந்த டேனரிக்கோ போனது. எனக்குக் காய்ச்சல் வந்தது. தூக்கத்தில் நான் மன்னிப்புக் கேட்டதாகப் பெரியம்மா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உப்புமாவுக்காகக் கேட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மரம் சாயும்போதோ கப்பலிலோ, நான் கடிதம் போடுவதற்குப் பல மாதம் முன்பே அவை செத்திருக்கும் என்று கணக்குப் போடுகிற வயது எனக்குப் பிறகு வந்தது. ஆனாலும் பதிமூன்று வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் கணவரோடு வால்பாறைக்குப் போனேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கிற காட்டில், எங்களைக் கூட்டிப்போனவர் ஓர் உயரமான மரத்தில் உட்கார்ந்திருந்த பறவையைக் காட்டினார். அந்த மூக்கை நான் உடனே கண்டுகொண்டேன். இருவாச்சி என்றார்.

"பொட்டை மரப் பொந்துக்குள்ளே போய்ச் சேறு பூசித் தன்னைத்தானே அடைச்சுக்கும்மா. பறக்குற இறகெல்லாம் உதிர்ந்துடும். குஞ்சு பெருசாகுற வரைக்கும் ஆண்தான் பழம் கொண்டாந்து அந்த ஓட்டை வழியா ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆயிட்டா உள்ளே இருக்குற ரெண்டும் செத்துடும்."

எங்கள் மரத்தில் ஆணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரம் சாய்க்கப்பட்ட நேரத்தில் அது வேறெங்கோ பழம் பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கும். வாயில் பழத்தோடு திரும்பி வந்திருக்கும். அன்றைக்கு மில்லில் நான் பார்த்தது இரண்டைத்தான். அந்தக் குடும்பத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.