வலப்பக்கம் விழுந்த பூ

சாமி கொடுத்த வாக்கு ஒருவரின் ஆயுளுக்குள் நடக்காமல் போனால், அது பொய்த்துவிட்டது என்பதா, இன்னும் வழியில் இருக்கிறது என்பதா? எனக்குத் தெரியவில்லை. போளூரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது தலைமையாசிரியர் போனில் அழைத்தார். எங்கள் பள்ளியின் தமிழாசிரியை மல்லிகா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றார். ‘சேகர் இன்னும் வரவில்லையே’ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சேகரை எங்கள் மலையில் பலருக்குத் தெரியும். மல்லிகாவின் ஒரே தம்பி. மேஸ்திரி ஒருவர் கூலி வேலைக்கென்று அவனை லாரியில் ஏற்றிப் போனார். ஆந்திரக் காட்டில் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டுகிற வேலை என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூடப் போனவர்களில் சிலர் சிறையில் இருப்பதாகச் செய்தி வந்தது. சேகரின் போன் மட்டும் அணைந்தே கிடந்தது.

மல்லிகா வேடியப்பன் கோயிலில் பூ வாக்குக் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். சாமிக் கல்லின் இரு தோள்களிலும் ஈரம் தொட்டு அரளிப்பூ ஒட்டினார்கள். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் வருவான், இடப்பக்கம் என்றால் இல்லை. வெகுநேரம் எதுவும் விழவில்லை. இடப்பக்கப் பூ லேசாகச் சரிந்து, அப்படியே நின்றது. மல்லிகா என் மணிக்கட்டை இறுக்கியதில் வளையல் உடைந்தது. அப்போது வலப்பக்கப் பூ விழுந்தது.

நான் இயற்பியல் படித்தவள். “ஈரம் காய்ந்தால் பூ விழத்தானே செய்யும்?” என்று திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன்.

“காய வச்சது யாருன்னு உங்க புஸ்தகத்துல இருக்குதா டீச்சர்?” என்று சிரித்தார்.

“சரி, வாக்குக் கிடைத்துவிட்டது. இனி வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பீர்களா?”

“இன்னா பேச்சு இது? வருவான்னு தெரிஞ்சதாலதானே தேடப் போறேன். தெரியாதவங்கதான் வூட்ல குந்தினு இருப்பாங்க.”

அதன்பின் விடுமுறை வந்தாலே எல்லை தாண்டிப் போனார். ஒருமுறை, அடையாளம் தெரியாத உடல் ஒன்றைப் பார்க்க வரச் சொன்னார்கள். துணைக்கு நான் போனேன். பிணவறை ஊழியர் துணியை விலக்கும்வரை மல்லிகாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. “வருவான்னு சொன்னியே. வருவான்னு சொன்னியே.” அது வேண்டுதலாக இல்லை, சண்டையாக இருந்தது.

அது சேகர் இல்லை. வெளியே வந்து வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். அந்தப் பையனின் கையில் பச்சை குத்தியிருந்த பெயரைப் பார்த்துவந்து, மலையில் ஊர் ஊராக விசாரித்தார். உடல் பெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

தம்பியைத் தேடிப் போன சிறைகளில் அவர் கண்டுபிடித்ததெல்லாம் மற்றவர்கள் வீட்டு ஆண்களைத்தான். “எனக்குக் குடுத்த வாக்கு அடுத்தவங்க வூட்டுக்கே போய்ச் சேருது டீச்சர். சாமிக்கு அட்ரஸ் கொழம்பிடுச்சு” என்பார். அப்படிச் சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அவருடைய நம்பிக்கை எனக்கு வாய்க்கவில்லை. பிணவறையில் கேட்ட அந்தச் சண்டைக் குரலை மட்டும் வைத்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நான் மல்லிகாவின் வீட்டில் இருந்தபோது, அமுதா என்ற பெண் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கூலி வேலைக்குப் போன கணவன் போனை எடுக்கவில்லையாம்.

“மல்லிகா டீச்சர் இல்லீங்களா? அவங்க வந்தா ஆளு கெடைக்கும்னாங்க.”

இறந்துவிட்டார் என்றேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அவரு வருவாருங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

வாக்குக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. “தெரியலம்மா. எழுந்திரு, போய்ப் பார்க்கலாம்” என்றேன்.

மல்லிகா வழக்கமாகப் போகும் சிறைக்கே போனோம். கைதிகளை மனுப் போட்டுப் பார்க்கும் நேரம் முடியும்போது போய்ச் சேர்ந்தோம். காவலர் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து தலையசைத்தார். அமுதாவின் கணவன் உள்ளே இருந்தான், உயிரோடு.

சேகர் என்று யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டேன். இல்லை என்றார்.