தம்பியின் சேகரிப்பு

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்குப் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்துப் பழுது பார்ப்பது பொழுதுபோக்கு என்று எங்கள் உறவில் எல்லோருக்கும் தெரியும். அவன் ஒரு கம்ப்யூட்டரைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. தேடிப் பிடித்ததும், கழுவியதும், சால்டரிங் அயர்ன் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டதும் நான். இதைச் சொன்னால் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் சொல்வதை விட்டிருந்தேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. அது மாவட்டத் தலைநகரமான 1989இல் நான் பிளஸ் டூ முடித்தேன். இன்ஜினியரிங் சேரும் அளவுக்கு மார்க் இருந்தது. "ரெண்டு பேரையும் படிக்க வைக்க என்னால ஆகாதும்மா. அவன் ஆம்பளப் புள்ள" என்றார் அப்பா. தம்பி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்ததால், தேரடிக்குப் பின்னால் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை கிடைத்தது.

ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்காகவே ஏ.சி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூப்போட்ட உறை தைத்து மாட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். அது கெட்டுப்போனால் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து திறப்பார். நான் அவர் பின்னால் நின்று பார்ப்பேன். இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு, அவர் வருவதற்குள் நானே திறந்து சரிசெய்துவிட்டேன். முதலாளி பாராட்டவில்லை. "பொம்பளப் புள்ள, ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு மெட்ராஸ்காரரைக் கூப்பிடவும் இல்லை.

புது மெஷின்கள் வந்தபோது பழையது மாடிப்படிக்குக் கீழே போனது. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதுதான் முதல். பிறகு ஒரு லாட்ஜில் கணக்கு எழுதிய பெட்டி, வேங்கிக்காலில் ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பிரிண்டர் என்று எங்கள் மாடியில் தகரக் கூரை போட்ட அறை நிறைந்துகொண்டே வந்தது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மா அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "கடை எதனா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவர்கள் திரும்பி வரவில்லை.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு காயலான் கடை வாசலில் அதைப் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடி வந்தேன். எண்பதுகளில் சில பள்ளிகளுக்குக் கொடுத்தார்களே, கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் முழுக்க அடங்கிய பெட்டி, அது. அலமாரியில் வைத்துப் பூட்டியே கெடுத்திருந்தார்கள். கடைக்காரர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ரேடியோவா இது? பித்தள கித்தள ஒண்ணும் காணோமே."

"ஒடைக்காதீங்க. அப்படியே குடுத்துடுங்க."

திறந்தால் உள்ளே எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை. ஸ்பிரிட் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் சிப்புகளின் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பட்டன்களைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி முறத்தில் பரப்பிக் காயவைத்தேன். "முறத்துல இங்கிலீஷ் எழுத்த காயப் போட்டிருக்கா பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். முதல் முறை சுவிட்சைப் போட்டதும் பவர் சப்ளையிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வெடித்திருந்தது. அதற்காக விடிகாலை பஸ் ஏறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் இருந்தவர், "உங்க வீட்டுக்காரர அனுப்புங்கம்மா, அவருக்குத்தான் புரியும்" என்றார். எதிர்க்கடையில் கிடைத்தது. பிறகும் பல மாதங்கள் அதனோடு மல்லுக்கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி திரையில் எழுத்து வரவைத்தேன். கீழே போய்ச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரி, சாப்பிட வா" என்றாள்.

அப்பா தவறிப்போன பிறகு, தம்பி அமெரிக்காவிலிருந்து முதல் முறையாக லீவில் வந்தான். கையில் டிஜிட்டல் கேமரா. மாடி அறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, அங்க இதுக்கெல்லாம் எவ்ளோ மதிப்பு தெரியுமா? இதுக்குன்னே தனியா கூட்டம் நடத்தறாங்க. நான் நெட்ல போடறேன்."

ஒவ்வொன்றாகப் படம் எடுத்தான். எங்கே கிடைத்தது, என்ன கெட்டிருந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

அடுத்த வருஷம் மார்கழியில் ஒரு ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கினார். ஆட்டோ டிரைவர்தான் பேசினார்.

"உங்க பையன் கம்ப்யூட்டரு ரிப்பேரு பண்ணி வெச்சிருக்காராமே? இவரு நெட்ல பாத்தாராம். ஒரு தபா பாத்துட்டுப் போறேன்னு சொல்றாரு."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முகம் பூரித்துப்போனது.

"ஆமா, எல்லாம் எம் புள்ள பண்ணதுதான். அமெரிக்காவுல கீறான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு இதுலதான் மூள."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவரை மாடிக்கு அழைத்துப் போய் ஒவ்வொன்றையும் ஓடவைத்துக் காட்டினேன். கடைசியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சார், இதையெல்லாம் ரிப்பேர் செய்தது நான்" என்றேன். அவர் அன்பாகச் சிரித்தார். தம்பி இல்லாதபோது இவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறாயே, அவர் கொடுத்துவைத்தவர் என்றார். பிறகு கேமராவை என்னிடம் கொடுத்து, அந்தப் பள்ளிக்கூடப் பெட்டியோடு தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு அம்மாவைக் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"இன்னா இப்போ? அவன் பேரு வெளிய தெரிஞ்சா நாலு பேரு மதிப்பான். உம் பேரு தெரிஞ்சி இன்னாடி ஆவப் போவுது?"

அவள் கோபத்தில் சொல்லவில்லை. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் ஆறவில்லை.

தம்பி அடுத்து மனைவியோடு வந்தபோது பள்ளிக்கூடப் பெட்டியைக் கேட்டான். அவன் ஆபீஸில் ஏதோ விழாவாம், எல்லோரும் தங்கள் பொழுதுபோக்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்.

"நெட்ல உம் பேரு மட்டும் போட்டிருக்கியாமேடா?" என்றேன்.

"அங்கல்லாம் சுருக்கமாத்தான்கா எழுதணும். நம்ம வீட்டுதுதானே? உனக்கு எனக்குனு பிரிச்சா பாக்கற?"

"ஒரு பொட்டிய தம்பிக்குக் குடுக்க இவளுக்கு வலிக்குது" என்றாள் அம்மா, அவன் மனைவியைப் பார்த்து.

அவன் அதைச் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே சொருகப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கி, பஞ்சு மெத்தையை வெட்டிச் சுற்றிலும் அடைத்து, நானே பேக் செய்து கொடுத்தேன். அங்கே வோல்டேஜ் பாதிதான் என்பதால், அதை ஏற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிக்கொள்ளவும் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்துக் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னால் ஒரே பேச்சுச் சத்தம், தட்டுகள் உரசும் சத்தம்.

"அக்கா, ஆன் ஆவ மாட்டேங்குது. எல்லாரும் வெயிட் பண்றாங்க. மானம் போவுது."

"போனை அது கிட்ட கொண்டு போய் சுவிட்சப் போடு."

விடாமல் ஊதும் சங்கு மாதிரி ஒரே ஒலி, நிற்காமல் வந்தது. நல்ல நிலையில் இருந்தால் அந்த ஒலி உடனே நின்று, அடுத்து ஒரு சின்ன கீச்சொலி வர வேண்டும். பிளேனில் குலுங்கி ஏதோ ஒரு சிப், சொருகியிருந்த சாக்கெட்டிலிருந்து எழும்பியிருக்கிறது என்று புரிந்தது. போனை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவன் மானம் போனால் எனக்கென்ன? ஆனால் அந்த ஒலி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஆஃப் பண்ணு. மேல் மூடியக் கழட்டு. பெரிய சிப்பையெல்லாம் ஒண்ணொண்ணா கட்டவெரல வெச்சி அழுத்து. ஜாஸ்தி அழுத்தாத, போர்டு வளஞ்சிடும்."

காத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பிறகு அங்கே சங்கொலி எழுந்து சட்டென்று நின்றது, கீச்சென்று அடுத்த ஒலி வந்தது. அதைத் தொடர்ந்து கைதட்டல். வெகு நேரம் தட்டினார்கள். யாரோ ஏதோ கேட்க, என் தம்பி இங்கிலீஷில் பதில் சொல்வது கேட்டது. சாக்கெட்டில் சிப் எழும்பியிருந்ததைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். அப்புறம் பேசவில்லை. பெட்டி திரும்பி வரவும் இல்லை. அந்த ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம், அவன் பேரோடு. அம்மா சொல்லித்தான் தெரியும்.

அதற்கடுத்த லீவில் இன்னொன்றைக் கேட்டான். தர மாட்டேன் என்றேன். மாடி அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குச் சமைப்பதும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் நான். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் வந்தால், எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள்.