கெங்கவல்லிக்குப் போன வேட்பாளர்

மல்லசமுத்திரத்தில் இருபது வருடமாக வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் வெள்ளியங்கிரி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தேர்தலில் நின்றார். அது 1978இல், மருத்துவர் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு நடந்த தேர்தல். அந்தக் குழுவில் எப்போதும் சேலம் நகரத்து டாக்டர்கள்தான் இருந்தார்கள். கிராமத்து டாக்டர் ஒருவராவது வேண்டும் என்றார் அவர். அதற்கே சிலர் முகம் சுளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓட்டுப்பதிவு. கெங்கவல்லி டாக்டர் சின்னராஜ், அக்கம்பக்கத்து ஊர்களின் டாக்டர்கள் நாலு பேரைத் தன் காரில் அழைத்துவருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. ஊரில் வாந்திபேதி பரவிவிட்டது, இருப்பதோ அவர் ஒரே டாக்டர், கிளம்ப முடியாது என்றார்.

"நான் வந்து பார்த்துக்கறனுங்க. நீங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"ஏனுங்க, அப்ப உங்க ஓட்டு?" என்று கேட்டார் மனைவி வசந்தாமணி.

"ஒண்ணு போனா அஞ்சு வருதில்ல."

ஞாயிறு காலை முதல் கெங்கவல்லியில் அறுபத்திரண்டு பேரைப் பார்த்தார். பாதிப்பேருக்கு சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. மாலையில் சின்னராஜ் திரும்பி வந்து, உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

"போட்டி போடறவர் நேர்ல இருக்கணுமாம் சார். விதியைப் படிச்சுக் காட்டி உங்க பேரை அடிச்சுட்டாங்க."

வெள்ளியங்கிரி ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்.

"அந்த விதியை எழுதுனவரு ஊர்ல ரெண்டாவதா ஒரு டாக்டர் இருந்திருப்பாருங்க."