வெர்னாவின் பலகையில் கூடிப்போன ஒரு மணி

வெர்னா கார்லியன் என் எழுத்தைத் துடைத்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று அவளுக்குக் காய்ச்சல். பாவமே என்று அவள் கடைச் சுவரில் தொங்கும் பலகையில் கடல் ஏறும் நேரத்தை நான் எழுதி வைத்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தாள். பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற பதினோரு பேருக்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்தாள்.

"டென்சில், உன் எழுத்தப் பாத்தா கடலே பயந்து பின்னால ஓடிரும்டா. இனிமே இந்தப் பலகைய நீ தொடாத."

எல்லாரும் சிரித்தார்கள். அதே பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு நான் பஸ்ஸை ஓட்டினேன். எழுத்து கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து வயதுக்கு மேல் நான் பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. ஆனால் எழுதிய நேரம் சரியான நேரம். அதை இன்றுவரை அவளும் சொல்லவில்லை, வேறு எவனும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் போர்த்கென்னலில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவள் கடை. பழைய புத்தகம், கோப்பை, விளக்கு, யாரோ செத்தபிறகு பிள்ளைகள் கொண்டுவந்து கொட்டிய சாமான். விடுமுறைக்கு வருகிறவர்கள் மழை பெய்தால் அங்கேதான் ஒதுங்குவார்கள். இங்கிலாந்தின் இந்தக் கார்ன்வால் மூலையில் மழைக்கா பஞ்சம், கடை நன்றாகவே ஓடியது. பேரம் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. துப்பறியும் கதையைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது விலை குறைக்கச் சொன்னால், "கொன்னது டாக்டரு. இப்ப சும்மா குடுத்தாலும் உனக்கு வேண்டாம், வை" என்பாள். அவள் புருஷன் வெல்டிங் வேலைக்குக் கனடா போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றிக் கேட்டால், "குளிர் தாங்குற ஆளு" என்று மட்டும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மணி அடிப்பாள். மீன் டப்பா ஆலையில் பதினெட்டு வருஷம் நின்ற கால், வீங்கித்தான் இருக்கும். அதனால் கடையில் எப்போதும் செருப்புதான், மழைக்காலத்திலும்.

அந்தப் பலகை அவளுடைய ஏற்பாடு. பக்கத்துக் குடாவான நாங்கிளாஸுக்கு இரண்டு நடைவழி. ஒன்று மேலே, பாறை விளிம்போடு. மற்றது கீழே மணலில், மூக்குப் பாறை என்று நாங்கள் சொல்கிற முனையைச் சுற்றி. கடல் இறங்கியிருக்கும்போது மட்டும்தான் மணல் வழி. ஏறிவிட்டால் முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர், பக்கத்தில் நெட்டுக்குத்தான பாறை. அதனால் தினம் காலையில் வெர்னா கடல் அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவாள்: 'மூக்குப் பாறையை இத்தனை மணிக்குள் தாண்டவும்.'

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. வசந்தத்தில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்போம், அதற்குக் கோடை நேரம் என்று பேர். அவள் புத்தகம் தள்ளாது. ஆகவே கோடை முழுக்க, அக்டோபர் கடைசிவரை, புத்தகத்து நேரத்தோடு ஒரு மணியைக் கூட்ட வேண்டும். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இது சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி. யோசிக்க மாட்டான், கை தானாகக் கூட்டும்.

போன வருஷம் செப்டம்பர் கடைசி. காலையிலிருந்தே மழை. வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா தங்கச்சி, ஹில்டா, மேவிஸ், இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள், மஞ்சள் மழைக்கோட்டோடு வெர்னா கடையில் ஒரு மணி நேரம் கிண்டிக் கிளறி, வாத்து உருவத்தில் ஒரு டீ ஜாடி வாங்கினார்கள்.

"இத நீங்களே வெச்சிருங்க. மேல்வழியா நாங்கிளாஸ் போயிட்டு, அங்க கடையெல்லாம் பாத்துட்டு, மணல் வழியா திரும்பி வர்றோம்" என்றாள் ஹில்டா. "அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறோம்."

"மேல சேறு வழுக்கும், பாத்துப் போங்க ராசாத்திகளா. திரும்புறப்ப பலகையில போட்டிருக்கிற நேரத்துக்குள்ள வந்துருங்க."

பலகையில் 3.10 என்று இருந்தது. மேவிஸ் அதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு சதுக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, படகுத்துறைச் சரிவில் சிகரெட் பற்ற வைத்தேன். அங்கே ஒரு பழைய சங்கிலி தொங்கும். கீழிருந்து நாலாவது வளையம் நனைந்துவிட்டால் மூக்குப் பாறை மூடிவிட்டது என்று அர்த்தம். எல்லாத் துறைக்காரனுக்கும் தெரியும். நான் பார்த்தபோது நாலாவது வளையம் கண்ணுக்கே தெரியவில்லை. ஐந்தாவதும் நனைந்திருந்தது.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் பாதி சிகரெட் நின்றேன். போய்ச் சொன்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முன்னால் இன்னொரு முறை துடைப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பாதி சிகரெட் இன்னும் எனக்குள் புகைகிறது.

"வெர்னா, தண்ணி தப்பா இருக்கு."

"தண்ணி எப்பவும் சரியாத்தான் இருக்கும். உன் கண்ணுதான் தப்பா இருக்கும்."

"அஞ்சாவது வளையம் நனைஞ்சாச்சு. உன் பலகையில மூணு பத்து."

அவள் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அது அவள் வழக்கமான புத்தகம் இல்லை. கூரை ஒழுகி அவளுடையது முந்தின நாள் ஊறிப்போனதால், தூண்டில் கடையில் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே பொடி எழுத்தைப் படித்தாள். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள். கோடை நேரத்துக்கான ஒரு மணி ஏற்கெனவே சேர்க்கப்பட்டது என்று அதில் போட்டிருந்தது. அவள் கை பழக்கத்தில் இன்னொரு மணியைக் கூட்டிவிட்டது.

"ரெண்டு பத்துடா டென்சில். ரெண்டு பத்து."

மீட்புப் படகுக்கு அவளே போன் செய்தாள். பேர், கோட்டு நிறம், இடம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். கடைசியில், "தப்பு என்னோடது, அதையும் எழுதிக்கங்க" என்றாள். அப்புறம் செருப்போடு மழையில் இறங்கி என் பஸ்ஸில் ஏறினாள்.

"டிரெவாஸ் பண்ணை வரைக்கும் ஓட்டு."

"இது அந்தப் பக்கம் போற பஸ் இல்ல. உள்ள ஆறு பேர் இருக்காங்க."

அவள் திரும்பி ஆறு பேரையும் பார்த்தாள். "யாருக்காவது அவசரமா?"

பின் சீட்டிலிருந்த கிழவர் ஒருவர், "எனக்குப் பல் டாக்டர்கிட்ட நேரம் குடுத்திருக்கு. தயவுபண்ணி அந்தப் பக்கமே ஓட்டுங்க" என்றார்.

இருபது வருஷ வேலையை நினைத்துக்கொண்டே பஸ்ஸைத் திருப்பினேன்.

பண்ணைச் சந்திலிருந்து வயலைத் தாண்டினால் பாறை விளிம்பு, அதற்கு நேர் கீழே மணல் வழி. அவள் ஒரு செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டாள். விளிம்பில் வயிற்றை வைத்துப் படுத்து எட்டிப் பார்த்தாள். நான் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். முதலில் எதுவும் தெரியவில்லை. மழை, நுரை, கறுப்புப் பாறை. பிறகு நேர் கீழே, ஒரு பாய் அகல மணலில் இரண்டு மஞ்சள் கோட்டு. அதில் ஒன்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தது. நீந்தப் பார்க்கிறாள்.

"ஏய் வாத்து ஜாடி!" வெர்னா கத்தின கத்தலில் கடற்காகங்கள் எழும்பின. "ஷூவ மாட்டுடி! தண்ணியில எறங்கின, நானே குதிச்சு வந்து அறைவேன்!"

இரண்டு முகமும் மேலே பார்த்தன.

"இடது பக்கம் வெள்ளைத் திட்டு தெரியுதா? பறவை எச்சம்! அது மேல ஏறுங்க! தண்ணி அங்க வராது!"

"வராதா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"சின்னப் புள்ளையில சிப்பி பொறுக்கப் போயி அங்க ஒரு தடவ மாட்டிக்கிட்டேன். அன்னிக்கு வரல." அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அன்னிக்குக் காத்து இல்ல" என்றாள்.

ஏறினார்கள். மேவிஸ் ஏறிவிட்டாள், ஹில்டா இரண்டு தடவை வழுக்கினாள். மூன்றாவது தடவை தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். மணல் காணாமல் போனது. வெர்னா வாயை மூடவேயில்லை. வுல்வர்ஹாம்ப்டனில் எந்தத் தெரு, சமைக்கிறது யார், இரண்டு பேரில் குறட்டை விடுவது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காற்றில் பதில் பாதிதான் வந்தது. குறட்டைக்கு மட்டும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கையைக் காட்டினார்கள். ஒரு அலை வெள்ளைத் திட்டின் ஓரத்தை நக்கிவிட்டுப் போனது. அவள் கோட்டுக்குள் உடம்பு நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது. குரலில் தெரியவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் இப்படி. குரல் தேய்ந்து தகரமானபோது ஆரஞ்சு நிறப் படகு மூக்குப் பாறையைச் சுற்றி வந்தது.

ஐந்து மணிக்குப் பதில் ஆறரைக்கு, கம்பளி போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். ஹில்டா வெர்னாவின் கையைப் பிடித்து, "எங்கள காப்பாத்தினீங்க" என்று அழுதாள்.

"நன்றி சொல்லாதீங்க. அந்த நேரத்த தப்பா எழுதினதே நான்தான்" என்றாள் வெர்னா. குரல் காற்றாகத்தான் வந்தது.

ஹில்டா கையை விட்டுவிட்டாள். மேவிஸ்தான் ஜாடியை எடுத்துக்கொண்டு, "சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். அது திட்டா பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை. வெர்னாவுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. கதவுவரை போய் அவர்களை அனுப்பினாள்.

அப்புறம் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள். 3.10 மழையில் பாதி கரைந்திருந்தது. மிச்சத்தைக் கோட்டுக் கையால் துடைத்தாள். சாக்கட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"நாளையிலேருந்து நீ எழுது."

"என் எழுத்தப் பாத்தா கடல் பயந்து ஓடிரும்னியே."

"ஓடட்டும்டா. அதானே வேணும்."

நான் சாக்கட்டியை எடுக்கவில்லை. அவளே அதை எடுத்து என் கையில் வைத்தாள். இந்த மார்ச்சில் கடையை விட்டுவிட்டு ட்ரூரோவில் தங்கச்சி மகள் வீட்டுக்குப் போனபோதும் அவள் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. அன்று அந்தத் தேய்ந்த குரலில் இதைக் கேட்டதுதான் கடைசி:

"புத்தகத்த மட்டும் நம்பாத, டென்சில். மொதல்ல போயி அந்தச் சங்கிலியப் பாரு. பாத்துட்டு வந்து எழுது."