எருக்குழியில் புதைத்த பல்புகள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. வந்த புதிதில் பல்பு அடிக்கடி பியூஸ் போகும். போன பல்பை என்ன செய்வதென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் எதிலும் நிதானம் பார்ப்பவர். தெருவில் வீசினால் போகிற வருகிறவர்கள் காலைக் கிழிக்குமே என்று, காகிதத்தில் சுற்றி, புறவாசல் எருக்குழியில் ஆழமாகப் புதைத்துவிட்டு வருவார்.

அந்தக் குழியில் சேரும் சாணியும் சாம்பலும் வருஷா வருஷம் மேலநீலிதநல்லூரில் இருந்த என் அண்ணன் நிலத்துக்குத்தான் போகும். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்த நேரத்தில் தோன்ற வேண்டுமே.

அந்த வருஷம் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். முக்கால் வண்டி எரு அள்ளிய பிறகு கையை உதறினான். விரலில் ரத்தம். காகிதம் மக்கி, மண்வெட்டி பட்டு, பல்பெல்லாம் நொறுங்கி எருவோடு கலந்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. அவரை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

இந்த எரு வேண்டாம் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். மழை நெருங்கிவிட்டது, இதை விட்டால் பருத்திக்கு வேறு எரு கிடையாது என்றான்.

"களையெடுக்க வார பொம்பளைக எல்லாம் வெறுங்காலாச்சே" என்றேன்.

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

எப்படி என்று சொல்லாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். யார் காலை எது கிழிக்கப் போகிறதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

களையெடுப்பு சமயத்தில் மனசு கேட்காமல் ஊருக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் நிலத்தின் ஒரு பக்கமாகக் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எரு விழுந்த பக்கத்தில் அண்ணன் மட்டும் தனியாகக் குனிந்து நின்றான். காலில் செருப்பு. விதைத்த நிலத்துக்குள் எங்கள் ஆட்கள் செருப்போடு இறங்கமாட்டார்கள். வரப்பிலேயே கழற்றிவிட்டுக் கும்பிட்டுத்தான் கால் வைப்பார்கள். அண்ணன் அதில் ரொம்பக் கண்டிப்பு. அங்கிருந்த பெண்கள் அவன் பக்கம் பார்க்கவே கூசினார்கள்.

நான் வரப்பிலிருந்து இறங்கப் போனேன். அவன் நிமிராமலே சொன்னான்.

"அங்கனயே நில்லுட்டி. இந்த மண்ணுல இனி நம்ம வெறுங்காலு படாது."