விட்ட இடம்

வேலை தேடும் ஆப் ஒன்றின் பட்டியல் பக்கத்தை எழுதியவள் நான்தான். ஒரு வேலையைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், பட்டியல் மறுபடியும் உச்சிக்கே போய்விடும். புகார்கள் வந்தன. 'போன் பிடிக்கத் தெரியாத கூட்டம்' என்று இளக்காரமாகச் சிரித்து, எதையும் சரிசெய்யாமலே எல்லாப் புகார்களையும் 'முடிந்தது' என்று மூடினேன்.

ஒருநாள் பொம்மசந்திரா போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் அதே ஆப்பின் பட்டியலை விரலால் மேலே தள்ளித் தள்ளி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் பேனாவால் 31 என்று எழுதியிருந்தது.

“என்னக்கா எண்ணுறீங்க?”

“முப்பத்தொரு தடவ தள்ளுனாதான் விட்ட எடம் வரும். இத எழுதுன தடிமாடு ஒரு நாளாச்சும் வேலை தேடியிருந்தா தெரியும்.”

கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தேன். விட்ட இடத்தை அவர் கையிலேயே குறித்து வைத்திருந்தார். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.