கறுப்பிக்குப் போட்ட கூப்பன் சீனி

எங்கள் மாமா மேல் எனக்குச் சந்தேகம் வந்தது சீனியால்.

மாமா அம்மாவின் தம்பி. ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களோடுதான் இருந்தார். அடையில் உட்கார்ந்திருந்த அவருடைய கோழியை எங்கள் நாய் கறுப்பி தின்றுவிட்ட அன்று, "இந்த நாய ஒரு நாளைக்கு ஒழிச்சுக் கட்டுறேனா இல்லையா பாரு" என்று லயமே கேட்கக் கத்தினார். கறுப்பி என் உயிர். எட்டு வயதுக்காரி அதை மறப்பேனா?

அடுத்த மாதமே காட்டுப்பன்றி கறுப்பியின் தொடையைக் கிழித்துவிட்டது. தொங்கிய தோலை மாமா ஊசிநூலால் தைத்தார். நாலாம் நாள் அது கறுத்து உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சதை தெரிந்தது. பிறகுதான் அந்த வேலை தொடங்கியது. காலையும் மாலையும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, புண் நிறையச் சீனியைக் கொட்டி, துணியால் கட்டினார். மாட்டுப்பட்டியில் கேட்டு வந்த வைத்தியமாம்.

சீனி! ரேஷன் கூப்பனுக்குக் கொஞ்சூண்டு கிடைத்த காலம் அது. அதுவுமில்லாமல், எனக்கு முழங்காலில் சிராய்ப்பு என்றாலே, "இனிப்பத் தொடாத, சீழ் வைக்கும்" என்று அம்மா மிட்டாயைப் பிடுங்கிவிடுவார். தின்றாலே சீழ் வைக்குமென்றால், புண்ணிலேயே கொட்டினால்? ஆள் சொன்னதைச் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மாமா வேலைக்குப் போனதும் கட்டை அவிழ்ப்பேன். லயத்து வடிகால் கானில் ஓடுகிற தண்ணீரில் ஒரு மணிச் சீனிகூட மிச்சமில்லாமல் கழுவி, அதே துணியால் கட்டிவைப்பேன். தினமும்.

"கட்டு ஏன் ஈரமா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அது நக்குது மாமா."

உடனே ஓட்டைக் கூடையொன்றை வெட்டி கறுப்பியின் கழுத்தில் மாட்டிவிட்டார். அடப்பாவி, பட்டினி போடவும் திட்டமா என்று பல்லைக் கடித்தேன்.

புண்ணில் புழு வைத்தது. மாமா ஒவ்வொன்றாகக் குச்சியால் எடுத்தார். கறுப்பி அதற்கும் வாலை ஆட்டியது. மூன்றாம் நாள் காலையில் ஆட்டவில்லை.

தேயிலை ஓரத்தில் மாமா குழி வெட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் தாங்கவில்லை. "நீங்கதான் கொன்னீங்க! சீனியப் போட்டுக் கொன்னீங்க!" என்று அவர் முதுகில் குத்தினேன்.

மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார். கண் சிவந்திருந்தது. "சீனி பத்தல பாப்பா. என் பங்கத்தான போட முடிஞ்சிச்சு" என்றார்.

சீனி புண்ணின் நீரை உறிஞ்சிச் சதையை வளர்க்கும், அழுக்குத் தண்ணீர்தான் எமன் என்று ஒரு மிருக வைத்தியர் எனக்குச் சொல்ல முப்பது வருடம் ஆனது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வசமாக மாட்டிக்கொண்டு சாக்குச் சொல்கிறார் என்பதுதான்.